இறக்கி வைக்கும் இடம்

சண்முகவடிவுக்கு இடுப்பில் தொடங்கி இடது குதிகால் வரை நரம்பு வலி. அதனால் அவளுடைய வளைகாப்பைப் பெரிய மண்டபத்தில் வைத்தார்கள். வலி உள்ள பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் போட ஊரே திரண்டு வரும். போடுகிற ஒவ்வொருத்தியும் தன் பழைய வலியையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஊரில் அதுதான் வழக்கம். யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை.

வடிவும் நினைக்கவில்லை. அவளுக்கு ஒரே ஆசைதான். கொஞ்ச நேரம் வலியில்லாமல் படுக்க வேண்டும். இடது பக்கம் படுத்தால் காலில் கரண்ட் அடித்தது. வலது பக்கம் திரும்பினால் இடுப்பில் சுண்டி இழுத்தது. மல்லாந்து படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குப்புறப் படுக்க வயிறு விடவில்லை. மிச்சம் இருந்தது நிற்பதுதான். நின்றாலும் வலித்தது.

நாற்காலியில் உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். முதல் ஆளாக மாமியார் வந்து இரண்டு பச்சை வளையல்களைப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் வடிவின் நடு முதுகில் ஓர் ஆணி இறங்கியது.

“இது என்னது அத்தை?”

“உன் வீட்டுக்காரன் வயித்துல இருக்கும்போது எனக்கு வந்தது. இத்தன வருசமா யார்ட்ட குடுக்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“எனக்கு இருக்கதே தாங்கல அத்தை.”

“ஒண்ணு இருக்க எடத்துல இன்னொண்ணும் இருந்துட்டுப் போகட்டுமே. அது என்ன தனியா பாயா கேக்கு?”

மாமியார் கூன் நிமிர்ந்து பந்திப் பக்கம் நடந்தாள். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரிசை நகர்ந்தது, ஆனால் குறையவில்லை. வருகிறவர்களுக்கு இடம் விட்டு மண்டபத்தின் பின்சுவர் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மேலத்தெரு டீச்சர் முழங்கால் குடைச்சலைப் போட்டாள். பால்காரி விலாக்குத்தைப் போட்டுவிட்டு, மகராசியாக இரு என்று வாழ்த்தினாள். வாழ்த்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இத்தனையும் தாங்க உடம்பில் நீளம் போதாமல், வடிவின் நரம்பு நாற்காலிக் கால் வழியாகத் தரையில் இறங்கிக் கிடந்தது. எல்லோரும் சேலையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டி வந்தார்கள். ஒருத்தி மிதித்தே விட்டாள்.

“பாத்துப் போடக் கூடாதாட்டி? விழப் பாத்தேன்” என்று வடிவைத்தான் ஏசினாள்.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கணவன் ஆவுடையப்பன் வாசலில் நின்று, எலுமிச்சைச் சாதம் போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. கை ஓயும்வரை காலைப் பிடித்துவிடுகிறவன்தான். ஆனால் அவன் எந்த இடத்தைப் பிடித்தாலும் வலி எழுந்து பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

“கொஞ்சம் நடந்தா சரியாயிரும் வடிவு!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

வரிசையில் டாக்டரம்மாவைப் பார்த்ததும் வடிவுக்கு உயிர் வந்தது.

“டாக்டரம்மா, காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. ஏதாவது செய்யுங்க.”

“பிரசவம் ஆனா சரியாயிரும்மா.”

“எல்லாருக்கும் சரியாயிருமா?”

“எல்லாருக்கும்” என்று சொன்ன டாக்டரம்மா கைப்பையைத் திறந்து இரண்டு வளையல்களை எடுத்தார். “கைய நீட்டும்மா.”

கடைசியாக அம்மா வந்தாள். கையில் தட்டும் இல்லை, வளையலும் இல்லை. வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அம்மா, நீயாவது கொஞ்சம் எடுத்துக்கம்மா.”

“எடுக்க முடியாதுட்டி. குடுக்கத்தான் முடியும்.”

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒற்றை வளையல்.

“நீ வயித்துல இருக்கும்போது வந்தது. உனக்கு மட்டும் குடுக்கவே கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன். வயசாயிட்டு. இனிமே முடியலட்டி.”

முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டுவிட்டாள். அது இடுப்பில் தொடங்கி இடது குதிகால் வரை, ஏற்கெனவே இருந்த வலியின் மேல் அச்சு அசலாகப் படிந்தது. அம்மா மூச்சு விட்டாள். பார்க்க வடிவைவிட இளையவளாக இருந்தாள். வடிவு அவளை வெறுத்தாள். கொஞ்ச நேரம்தான், ஆனாலும் வெறுத்தாள்.

“நான் எங்கம்மா கொண்டு இறக்கி வைக்க?”

அம்மா அவள் வயிற்றைப் பார்த்தாள்.

வயிறு ஓரிடத்தில் புடைத்தது. பிறகு அங்கிருந்து ஒரு சின்னக் கை மணிக்கட்டு வரை வெளியே வந்தது. யாரும் பதறவில்லை. மாமியார் பந்தியிலிருந்து ஓடி வந்து, “பொம்பளப் பிள்ளதான்!” என்று குலவையிட்டாள். கையின் விரல்கள் ஒன்றுசேர்ந்து குவிந்திருந்தன. வளையல் போட்டுக்கொள்ளக் கையை அப்படித்தான் கொடுப்பார்கள்.

“ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு” என்றாள் மாமியார். “செத்த நேரம் நல்லாப் படுத்து எந்திரிக்கலாம்.”

“வேண்டாம்” என்றாள் வடிவு.

சத்தமாகத்தான் சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். இந்தக் கைக்கு எதுவும் போய்விடக் கூடாது என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய வலது கை, இடது கையில் கிடந்தவற்றில் இருப்பதிலேயே சின்ன வளையலைத் தேடிப் பிடித்துக் கழற்றத் தொடங்கியிருந்தது.