ஒரு மணிச் செய்தி

ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டான். இன்னொரு காலை நுழைப்பதற்குள் அக்கா வீட்டுக்காரரான மாமா வந்து வாசலை மறித்துக்கொண்டார். மணி பன்னிரண்டே முக்கால்.

"எங்க மாப்ள கிளம்பிட்ட?"

"ஒரு மணிச் செய்தி இருக்கே மாமா. ஸ்டுடியோவுக்குப் போகணும்."

எட்டு மாதமாகத் தினமும் சொல்லும் பொய். நாக்கு தடுக்காமல் வந்தது. உள்ளறையில் அக்கா படுத்திருந்தாள். காலையில் வந்த டாக்டர் ஊசிகூடப் போடவில்லை. நாடியைப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மாமாவிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நாளிலும் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பியவனை என்னவென்று சொல்வது.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளோடு பேசுவதற்காகக் கற்ற சைகைதான் பின்னாளில் அவனுக்குச் சோறு போட்டது. தொலைக்காட்சியில் ஒரு மணிச் செய்திக்குப் பதினொரு வருடம் சைகை செய்தான். செய்தி வாசிக்கிறவருக்குத் திரை முழுவதும்; அவனுக்கு வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம். தம்பி பெரிய ஆளாகிவிட்டான், ஆனால் தீப்பெட்டிக்குள் என்று அக்கா விரல்களாலேயே கிண்டல் செய்வாள்.

செய்தி முடிந்து கட்டம் மறைவதற்கு முன் அவன் இரண்டு விரலால் உதட்டைத் தட்டி, உள்ளங்கையை முன்னால் விரிப்பான். சாப்பிட்டாயா? அது எந்தச் சைகைப் பாடத்திலும் கிடையாது. அக்கா பள்ளிக்கூடம் போவதற்கு முன் இருவரும் அடுப்படியில் உண்டாக்கிக்கொண்டது. சட்டைத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த நேரம் டி.வி.க்கு எதிரே அக்கா உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டிருந்தால் வயிற்றில் ஒரு தட்டு. இல்லையென்றால் சுண்டுவிரலை ஆட்டுவாள். அது அவனுக்குத் தெரியப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் அவன் நிற்பான்.

போன வருடம் சேனலுக்கு ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தார். பேச்சில் சர்க்கரை. இனிமேல் டி.வி. என்பது சுவரில் மாட்டுகிற பெட்டி இல்லை என்றார். கைபேசியும் டி.வி.தான், பேருந்தின் ஜன்னல் கண்ணாடியும் டி.வி.தான். பார்க்கிறவர் தமக்கு வேண்டிய நேரத்தில் பார்ப்பார், சைகைக்காரரை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வார். தொடர், விளையாட்டு, விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் சைகை வரும். ஒரு மனிதன் அவ்வளவுக்கும் நிற்க முடியுமா என்று கேட்டார். முடியாதுதான். அவனுக்கே அது நல்ல காரியமாகத்தான் பட்டது. உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் வெள்ளைப் பொட்டுகளை ஒட்டிக்கொண்டு, மூன்று வாரம் ஆறு கேமராக்களுக்கு நடுவில் கையசைத்தான். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு முறையும் கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டான். அது அவனுடைய ஸ்டைல் என்று நினைத்து இயந்திரத்துக்கு அதையும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நான்காவது வாரம் அந்தக் கட்டத்துக்குள் அவன் உருவத்தில் இயந்திரமே கையசைத்தது; அவனை நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

அதே மாதம்தான் அக்காவின் நோய்க்குப் பெயர் தெரிந்தது. தம்பி டி.வி.யில் இருக்கிறான் என்பதுதான் தொழிற்சாலையில் அவளுக்கிருந்த பெருமை. அதில் கைவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. தொடர்களை எல்லாம் முன்பே எடுத்து வைத்தது என்று சமாளித்தான். நேரலைச் செய்திக்கு என்ன சொல்வது? திரையில் கையசைக்கிறவன் கட்டில் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

ஆகவே அந்த ஒரு மணி நேரம் மட்டும் தெருமுனை சலூனில் ஒளிந்துகொண்டான். வாரம் ஒருமுறை வெட்டிக்கொள்ளத் தலையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வளரவிட்டு வாங்க சார் என்று சலூன்காரர் சிரிப்பார். அங்கும் ஒரு டி.வி. அதில் அவனுக்கு முடி வளரவே இல்லை. அதே சட்டை, அதே மழித்த தாடை, இருமலோ தும்மலோ இல்லாத ஓர் உடம்பு. பார்க்கப் பார்க்க, செத்துப்போனவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் உயிரோடு இருக்கிறவன் திரைக்குள் வேலை செய்வதுமாகத் தோன்றும். அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மடியிலிருக்கும் கைகள் அதைப் பார்த்துத் தாமாக அசையும். தொடைக்கு அடியில் செருகிக்கொள்வான். காது கேளாதவர்கள் பலரும் இப்போது அந்தக் கடைசிச் சைகையைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். செய்தியின் முடிவில் வருவதால் 'போய் வருகிறேன்' என்று அர்த்தம் செய்துகொண்டார்கள்.

"செருப்பக் கழட்டு மாப்ள," என்றார் மாமா. "அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொட்டிக்குள்ள இருக்கறது நீ இல்லன்னு. மொத வாரமே சொல்லிட்டா."

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல், முகம், தோளைச் சாய்ப்பது எல்லாம் அப்படியே இருந்ததே.

"எல்லாம் அவனேதான், ஆனா கேட்டுட்டு நிக்கமாட்டேங்குது, கேட்ட கையோட போயிடுதுன்னா. அவன் நிப்பானாம்."

"அப்புறம் ஏன் மாமா தினம் பாத்தா?"

"மூஞ்சி அவன் மூஞ்சிதானேன்னு பாப்பா. பதில் மட்டும் சொல்லமாட்டா. நிக்காதவனுக்கு என்ன பதில்னு கையப் போர்வைக்குள்ள வச்சுக்குவா." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ கூசிப்போயிடுவேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நானும் இத்தன நாள் உன்ன வழியனுப்பி வச்சேன். இன்னைக்கு என்னால முடியாது."

எட்டு மாதம். அவளுக்கு மிச்சமிருந்ததே அவ்வளவுதான். அதில் தினமும் ஒரு மணி நேரத்தைச் சலூன் நாற்காலிக்குக் கொடுத்திருக்கிறான்.

உள்ளே போனான். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு அதன் பக்கம் திருப்பி வைக்கும் தலையணையில் அக்காவின் தலை இருந்தது. அவன் கட்டிலோரம் உட்கார்ந்ததும் அவள் மெல்ல முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். அதற்கே மூச்சு வாங்கியது. ஆச்சரியப்படவில்லை, கோபப்படவில்லை. வா என்பதுபோல இமையை ஒருமுறை தாழ்த்தினாள். ஒரு மணி ஆனதும் அவன் முதுகுக்குப் பின்னால் அவனே செய்தி சொல்லத் தொடங்கினான். வானிலை முடிந்தது. அது கேட்டிருக்கும்; போயிருக்கும். விளம்பரப் பாட்டு தொடங்கியது.

அவன் இரண்டு விரலால் உதட்டைத் தட்டினான். உள்ளங்கையை விரித்தான்.

போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கையைப் பார்த்தான். அது எழவில்லை. கண் மட்டும் அவன் மேல் இருந்தது. அவன் கையை மடக்காமல் இருந்தான். விளம்பரங்கள் முடிந்து ஏதோ தொடர் ஆரம்பித்தது. அதில் யாரோ அழுதார்கள். தோள் கடுக்கத் தொடங்கியும் கையை இறக்கவில்லை. இத்தனை நாள் நிற்காததற்கெல்லாம் சேர்த்து நின்றான்.

கடைசியில் மாமாதான் வந்து அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அக்காவின் கண்களை மூடியதும் அவர்தான்.

மறுநாள் காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேனில் வந்தார்கள். அக்காவோடு காலர் தைத்தவர்கள், எல்லோரும் அவளைப் போலவே காது கேளாதவர்கள். அழுகைக்குச் சத்தம் இருந்தது, பேச்சுக்கு இல்லை. டி.வி.யின் மேல் மாமா துண்டைப் போட்டு வைத்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து செய்தியின் தொடக்க இசை கேட்டது. கேட்டது அவனுக்கும் மாமாவுக்கும் மட்டும்தான்.

கிளம்பும்போது ஒவ்வொருத்தியாக அவன் முன்னால் வந்து உதட்டைத் தட்டி உள்ளங்கையை விரித்தார்கள். விரித்த கையோடு படியிறங்கினார்கள். அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறவன் சுவரையும் துண்டையும் தாண்டி, இத்தனை கைகளில் ஏறி வந்துவிட்டான் என்று தோன்றியது.

கடைசியாக வந்தவளை எல்லோரும் புருவத் தழும்பு என்பார்கள். அவர்களுக்குள் அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டுவதுதான் அவளுடைய பெயர். அக்காவுக்கு அடுத்த தையல் இயந்திரத்தில் இருந்தவள். அவளும் உதட்டைத் தட்டினாள், உள்ளங்கையை விரித்தாள்.

அவன் தலையாட்டி விடைகொடுத்தான். அவள் போகவில்லை.

வெளியே வேன் டிரைவர் கைகாட்டிக் கூப்பிட்டார். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அவள் விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

இப்போது டி.வி.யில் வருவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தால் அவளுக்கு நிற்கத் தெரிந்திருக்காது.

அவன் சுண்டுவிரலை ஆட்டினான்.

அவள் தோள்பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்தாள்.