தெருமுனைக் கடையை மூடிய வாரம்

எங்கள் தெருமுனைச் சாராயக் கடையை மூட வைத்தது என் நாத்தனார்தான். என் புருஷனுக்கு அக்கா, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். ஷட்டருக்கு முன்னால் பெண்களை உட்கார வைத்தவள், போலீஸ் வந்தபோதும் மழை வந்தபோதும் ஒருத்தியையும் எழவிடவில்லை. கடைசியில் அதிகாரிகள் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். நான் இஸ்திரி போடுகிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். இனி நம் வீட்டிலும் விடியும் என்று நம்பினேன்.

விடிந்தது என்னவோ உண்மை. மறுநாள் காலையில் என் புருஷன் தெளிந்த கண்ணோடு எழுந்து உட்கார்ந்து, என் முழங்கையைப் பார்த்து, இது என்ன தழும்பு என்று கேட்டார். சூடான இஸ்திரிப் பெட்டியை என்மேல் வீசியதே அவர்தான். பாவி மனுஷனுக்கு ஒன்றும் நினைவில்லை. சொன்னதும் தலையிலடித்துக்கொண்டு அழுதார். இந்த ஆள் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தார் என்று எனக்கு ஆத்திரமும் ஆசையும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் வேர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் திருட்டுத்தனமாக விற்கிறார்களாம், ஒரு வாய் வாங்கி ஊற்றினால் அடங்குவார் என்று கிளம்பினேன். அண்ணி வாசலை மறித்துக்கொண்டாள்.

"எல்லாம் நடிப்புடி. எங்கப்பன் நடிக்காத நடிப்பா? ரெண்டு நாள் பொறு, தானா வழிக்கு வருவான்."

"ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போறேன் அண்ணி."

"என் தம்பியே தாங்கலன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கே கடையத் திறந்துடுவானுங்க."

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நானும் கத்திப் பார்த்தேன், காலில் விழுந்தும் பார்த்தேன். அவள் கல்லாக நின்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. அண்ணியே கதவைத் திறந்து ஆட்டோ பிடிக்க ஓடினாள். ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. தினமும் குடிக்கிறவரை ஒரேயடியாக நிறுத்த வைத்தால் இப்படி ஆகும், நேற்றே கொண்டுவந்திருந்தால் மருந்து இருக்கிறது என்றார் டாக்டரம்மா. கடைக்குப் பூட்டுப் போட்டவர்களில் ஒருத்தராவது இதை எங்களிடம் சொன்னாரா?

துக்கம் ஆறுமுன்னே அடுத்த தெருப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் கடையையும் மூட வேண்டுமாம். குடிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அண்ணி மைக்கைப் பிடித்தாள். அந்தக் குரல் எங்கே போனதோ.

"என் தம்பி குடிச்சுச் சாகல. குடிக்காமச் செத்தான்."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து முன்வரிசையில் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. நான்தான் உள்ள வெச்சுப் பூட்டினேன். கடைய மூடுங்க, வேணாங்கல. ஆனா அன்னிக்கே குடிக்கிறவங்கள டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடுங்க."

பிறகு அத்தனை பேர் முன்னிலும் திரும்பி என்னைப் பார்த்தாள், திட்டு வாங்கக் காத்திருப்பவளாக. நானும் திட்டத்தான் நினைத்திருந்தேன். தூக்கி வளர்த்த தம்பியைப் பறிகொடுத்தவளை என்னவென்று திட்டுவது?