கப்சாரா இறக்கத்தின் வாடாத கிளைகள்

கப்சாரா இறக்கத்தில் சாலையில் கிடந்த கிளைகள் பதினோரு வருடமாக வாடவில்லை. அப்போது மொத்தம் நாற்பத்திரண்டு கிளைகள். அந்த இறக்கத்தில் செத்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்று எப்படிக் கூடுதல் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், மழை எப்போது வரும், சோளம் என்ன விலை என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள். கணக்குத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது.

மொம்பாசா துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு உகாண்டா எல்லைக்குப் போகிற சாலை அது. ஏழு கிலோமீட்டர் சரிந்து, கடைசியில் ஒரு வளைவு திரும்பிச் சந்தைக்குள் இறங்கி, ஜெரோட்டிச்சின் டீக்கடையை உரசிக்கொண்டு மேற்கே போகும். அந்தப் பக்கத்தில் லாரி நின்றுபோனால் டிரைவர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போட்டு வைப்பார்கள். சட்டப்படி சிவப்பு முக்கோணம் எல்லா வண்டியிலும் உண்டு. போலீஸ்காரரிடம் காட்டுவதற்குத்தான் அது. சாலையில் வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கிளையை யார் திருடப் போகிறார்கள்? அதனால் கிளை கிடந்தால் மெதுவாகப் போ என்பது அங்கே பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

இன்னொரு விஷயமும் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் லாரிக் கம்பெனி எல்லை வரை போகப் போதாத டீசலை ஊற்றித்தான் வண்டியை அனுப்பும். டிரைவர்கள் இறக்கத்தின் உச்சியில் நியூட்ரலில் தட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து, ஏழு கிலோமீட்டரும் சும்மா உருண்டு வருவார்கள். பழகின டிரைவர் அதில் கொஞ்சம் மிச்சமும் பிடித்துவிடுவான். அந்த மிச்சம் பிளாஸ்டிக் கேன்களில் டீக்கடைக்குப் பின்னால் கைமாறும். ஊரின் மாவு மில் அதில்தான் ஓடியது, சர்ச்சின் ஜெனரேட்டரும் அதில்தான் ஓடியது. கறிக்கடை கொயெச் அதற்கு இறக்கப்பால் என்று பெயர் வைத்திருந்தான். நியூட்ரலில் வருகிற லாரி சத்தமே போடாது, பூனை மாதிரி வரும். கியரில் வருகிற லாரிதான் அலறும். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் கப்சாரா ஆட்கள் எது எது என்று சொல்லிவிடுவார்கள்.

ஜெரோட்டிச்சின் புருஷன் கிபோர் பால்காரன். காலை ஆறு நாற்பதுக்குச் சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டி, சாலையைக் கடந்து பால் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவான். இடது கேன் எப்போதும் வலதைவிட நிறைந்திருக்கும். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே போகும். அவனுக்கு வாய்த்த தோழன் மகோகா, மஞ்சள் கம்பெனி டிரைவர், புங்கோமா பக்கத்து ஆள், தொப்பைக்காரன். ஜெரோட்டிச்சைத் தங்கச்சி என்று கூப்பிடுவான், அவளும் அண்ணே என்பாள். டீக்கு நாலு கரண்டி சர்க்கரை கேட்பான்.

"ஏன் மச்சான், டீயில சர்க்கரை போடுறியா, சர்க்கரையில டீ ஊத்துறியா?" என்று கிபோர் சீண்டுவான்.

"நான் ஓட்டுற வண்டிக்குத்தான் டீசல் இல்ல மாப்ளே, எனக்காவது ஊத்த விடு."

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஒருநாள் அவன் சிரிக்காமல் டீ குடித்தான். "தங்கச்சி, பிரேக்கு செத்துப்போச்சு. ஆபீஸ்ல சொன்னேன். கால் இருக்குல்ல, நல்லா அமுக்குங்கிறான்" என்றான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, இருபத்தெட்டு டன் கட்டடக் கம்பியோடு அந்த லாரி இறங்கியது. அலறிக்கொண்டுதான் இறங்கியது. சந்தை முழுக்கக் கேட்டது. ஜெரோட்டிச் சோளம் வேகிற பானையிலிருந்து தலையைத் தூக்கினாள். சாலையைக் கடப்பதற்குப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கிபோர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கடந்திருப்பான்.

ஒன்பது பேர் செத்தார்கள். கம்பிகள் லாரியைவிட்டுக் கழன்று, ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற மட்டாட்டு வேனின் பின்கண்ணாடி வழியாகப் புகுந்து, மூன்று பேரை உட்கார்ந்தபடியே சீட்டோடு கோத்தன. வெண்ணெய்ப்பழக்காரியின் தலை அவள் குவித்து வைத்திருந்த பழங்களுக்கிடையில் கிடந்தது. கிபோரில் மிஞ்சியது ஒரு கையும் சைக்கிள் மணியும். பால் ரத்தத்தோடு கலந்து சாக்கடைவரை ஓட, நாய்கள் வந்து நக்கின. லாரி கொயெச்சின் கடை வாசலில் மல்லாந்து கிடந்தது. கண்ணாடி வழியே மகோகா வெளியே வந்தான். நெற்றித்தோல் உரிந்து புருவத்தில் தொங்கியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. இறக்கத்தின் மேல்பக்கமாக ஓடினான்.

"ஓடுறான்டா! புடிங்கடா அவனை!" என்று கத்தியது யார் என்று இன்றுவரை தெரியாது. முதல் கல் யாருடையது என்று தெரியும். மூன்று கல் அடுப்பில் ஒன்றைக் கொதிக்கக் கொதிக்கப் பிடுங்கி, உள்ளங்கை பொசுங்க, ஜெரோட்டிச் எறிந்தாள். காதுக்குப் பின்னால் பட்டது. மகோகா மண்டியிட்டுத் திரும்பினான். அவன் கைநிறைய யூக்கலிப்டஸ் கிளைகள் இருந்தன.

"தங்கச்சி, மேல இன்னும் வண்டி வருது" என்றான்.

அப்புறம் அவனை அடித்தார்கள். கொயெச்சின் கையில் லாரியின் வீல் ஸ்பானர் இருந்தது. தலை தலையாக இல்லாமல் போகும்வரை அடித்தார்கள், பிறகும் அடித்தார்கள். பால் விற்கிற பெண்களும் அடித்தார்கள். களைத்து நிமிர்ந்தபோது, முந்நூறு அடி மேலே, வளைவில் ஒரு பெட்ரோல் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் சாலையின் குறுக்கே ஐந்தாறு பச்சைக் கிளைகள். சந்தை பிணங்களைப் பார்த்து அலறிக்கொண்டிருந்த நேரத்தில் அவற்றை அவன் முதல் நடையிலேயே போட்டுவிட்டு, இரண்டாவது நடைக்கு ஒடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அந்தப் பெட்ரோலும் இறங்கியிருந்தால் சந்தையில் எண்ணுவதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார்கள். இதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினார்கள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் சுருக்கமாகப் பேசினார். டீசல் திருடுவதற்காக டிரைவர் நியூட்ரலில் வந்தான், பிரேக் நன்றாகத்தான் இருந்தது, அடையாளம் தெரியாத ஆட்கள் அவனைக் கொன்றார்கள், கம்பெனிக்கு இதில் சம்பந்தமில்லை. பால்காரர் கிபோர் சாலை நடுவே நின்று வியாபாரம் செய்தார், வெள்ளைக் கோடுகளுக்குள் யாரும் இல்லை. பிறகு ஜெரோட்டிச்சிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லாரி எஞ்சின் சத்தம் கேட்டுச்சாம்மா?" கேட்டது என்றால் மகோகா கியரில் வந்தான். கியரில் வந்தான் என்றால் பிரேக் இல்லை, குற்றம் கம்பெனியுடையது, ஊர் அடித்துக் கொன்றது ஒரு குற்றமும் செய்யாதவனை. பின்வரிசையில் கொயெச்சும் சந்தைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்கல" என்றாள் ஜெரோட்டிச்.

அந்த ஒரு வார்த்தையோடு வக்கீல் சொன்னதெல்லாம் அப்படியே பதிவாகி, கிபோர் தன் சாவுக்குத் தானே காரணம் என்று காகிதத்தில் ஏறிவிட்டான். அதை மாற்றச் சொல்லி அவள் பதினோரு வருடம் நக்குரு நகரத்து ஆபீசுகளுக்கு நடந்தாள். என் புருஷன் கோட்டுக்குள்ளேதான் நின்றான் என்று ஒவ்வொரு மேஜையிலும் சொன்னாள். சாட்சி உண்டா என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டார்கள். அவளுக்கு வயிற்றெரிச்சல். யார் மேல் என்றுதான் அவளால் சொல்ல முடியவில்லை.

கிளைகள் வாடாதது அந்த வாரமே தெரிந்துவிட்டது. வளைவில் போட்டவற்றைச் சாலை வேலைக்காரர்கள் அள்ளி எறிந்தார்கள். மறுநாள் அங்கே ஒன்றும், கீழே சந்தையில் செத்த ஒன்பது பேருக்கு ஒன்பதுமாகப் பத்துக் கிளைகள் தார்மேல் கிடந்தன. ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகியது. கம்பெனி அனுப்பிய ஆள் அரிவாளால் வெட்டியபோது வெட்டுவாயிலிருந்து டீசல் கசிந்தது. இரண்டாவது வெட்டில் அவன் கட்டைவிரல் போனது. மேலே ஏறிய டயர்கள் வெடித்தன. அதற்குப் பிறகும் மஞ்சள் லாரிகள் இறங்கின, பிரேக் இல்லாமலும் தூக்கம் இல்லாமலும். பள்ளிக்கூட வேன் ஒன்றை ஒரே நிமிஷத்தில் தகடாக்கின. கல்யாணத்துக்குப் போன பதினான்கு பேரைப் பாலத்திலிருந்து தள்ளின. ஒவ்வொரு சாவுக்கும் விடியற்காலையில் ஒரு கிளை கூடியது. வண்டிகள் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டன. ஜெரோட்டிச் அடுப்பின் மூன்றாவது கல்லுக்குப் பதிலாக ஒரு தகர டப்பாவை வைத்துச் சமைத்தாள்.

பதினோராவது வருடம் மஞ்சள் கம்பெனி முதலாளி டிரைவர் இல்லாத லாரி வாங்கினார். டிரைவர் என்று ஒருவன் இருந்தால்தானே தூங்குவான், டீசல் விற்பான், செத்தால் பொண்டாட்டி வந்து நிற்பாள் என்று ரேடியோவில் பேசினார். லாரிக்கு எட்டுக் கேமராக் கண்கள், வயிற்றுக்குள் ஒரு கம்ப்யூட்டர். காவலுக்கு ஒயூகி என்ற இன்ஜினியர் கிசுமுவிலிருந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அது ஏழு கிலோமீட்டரையும் கியரில், ஒழுங்காக, மெதுவாக இறங்கி, காலை ஆறு நாற்பதுக்கு வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால் நின்றது. நின்றது நின்றதுதான்.

ஒயூகிக்கு முன்னால் இருந்த திரையில் எழுத்து வந்தது: சாலையில் ஆட்கள், நாற்பத்திரண்டு பேர். ஒயூகி எட்டிப் பார்த்தார். ஒரு கோழிகூட இல்லை. முதலாளி போனில் கத்தினார். "ஆளே இல்லாத ரோட்டுல யாருக்குடா நிக்கிறே?" இரண்டு நாளில் பின்னால் இருபது கிலோமீட்டருக்கு லாரிகள் சேர்ந்தன. மூன்றாம் நாள் முதலாளியே வந்து, வீல் ஸ்பானரால் லாரியின் எட்டுக் கண்களையும் உடைத்தார். குருட்டு லாரி நகரவில்லை. திரையும் நாற்பத்திரண்டு என்றே காட்டியது. பழைய லாரி ஒன்றை முன்னால் நிறுத்தி, இதைச் சங்கிலியால் கட்டி இழுக்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றார். சங்கிலி அறுந்து வீசியதில் அவருடைய வலது கை முழங்கையோடு போய்க் கொயெச்சின் கறிப்பலகையில் விழுந்தது. கொயெச் அதைத் துணியில் சுற்றி, முதலாளியைத் தூக்கிப்போன வண்டியிலேயே கொடுத்தனுப்பினான்.

அப்போதுதான் ஜெரோட்டிச் லாரி கதவைத் தட்டினாள்.

"தம்பி, அந்தத் திரையை நான் பாக்கலாமா?"

"ஏறி வாங்கக்கா. எனக்குப் பைத்தியம் புடிக்கலைன்னு நீங்களாவது சொல்லுங்க."

திரையில் முகங்கள் இல்லை, வெறும் கோட்டு உருவங்கள். கூடையோடு ஒருத்தி. பைகளோடு பள்ளிப் பிள்ளைகள். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒருவன் சைக்கிளோடு நின்றான். இரண்டு கேன்கள், சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜெரோட்டிச் திரையில் கையை வைத்தாள். "கோட்டுக்குள்ள நிக்கிறாரு தம்பி. பாரு, கோட்டுக்குள்ளதான்" என்றாள். பதினோரு வருடம் எந்த மேஜையிலும் கிடைக்காத சாட்சி கிடைத்துவிட்டது. வாய்விட்டு அழுதாள்.

ஒயூகி ஓரத்தைச் சுட்டினார். "எல்லாரும் கடக்கக் காத்திருக்காங்க. இவர் மட்டும் வண்டியைப் பார்த்து நிக்கிறார். ஏன்னு தெரியல."

தொப்பை வைத்த உருவம். இரண்டு கையிலும் அணைத்துப் பிடித்த கட்டு. அதன் கீழே லாரி எழுதியிருந்தது: ஒருவர் எச்சரிக்கிறார்.

ஜெரோட்டிச் கீழே இறங்கினாள். சந்தை முழுக்க அவளைப் பார்த்தது. கொயெச்சுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "வேணாம் ஜெரோட்டிச். வாயத் தொறக்காத. ஊரே உள்ள போகும்" என்றான். அவள் சாலைக்கு நடுவில், காலியான இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, வண்டி கியர்லதான் வந்துச்சு. அலறிக்கிட்டு வந்துச்சு, நான் கேட்டேன். கேக்கலன்னு பொய் சொன்னேன். மொத கல்லு நான் எறிஞ்சது."

சிலர் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாவு மில்காரன், "எனக்கும் கேட்டுச்சு" என்றான். வெண்ணெய்ப்பழக்காரியின் மகள் கேட்டுச்சு என்றாள். கடைசியாகக் கொயெச், கறிவெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்பானர் என் கையில இருந்துச்சு" என்றான். நாற்பத்தொரு உருவங்களும் சாலையைக் கடப்பதை ஒயூகி திரையில் பார்த்தார். சைக்கிள்காரன் கடைசியாகப் போனான். கட்டோடு நின்றவன் மட்டும் ஓரமாக நின்றான். லாரி தானாகக் கிளம்பி, மூன்று நாள் தாமதமாக எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.

கொயெச்சும் இன்னும் ஆறு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெரோட்டிச் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள், ஒற்றைக்கை முதலாளியும் உள்ளே போனார். கிபோரின் காகிதம் திருத்தப்பட்டது. மகோகாவின் மனைவி நெக்கேசா புங்கோமாவிலிருந்து வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வளைவில் கிடந்த அந்த ஒரு கிளையைக் குனிந்து எடுத்தாள். அது சும்மா வந்தது. மட்டாட்டு கூரையில் கட்டிக்கொண்டு போனாள். வீடு போய்ச் சேர்வதற்குள் வாடிவிட்டதாம்.

இப்போது கிளைகள் நாற்பத்தொன்றுதான். எச்சரிக்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாகக் கிடந்தது, அதை அப்படியே விட ஜெரோட்டிச்சால் முடியவில்லை. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு அவள் புதிதாக ஒடித்த கிளைகளோடு வளைவில் போய் நிற்கிறாள். ஆள் ஓட்டுகிற லாரியும் நிற்கிறது, ஆளில்லா லாரியும் நிற்கிறது. ஆளில்லா லாரிகளின் திரைகளில் இன்றும் நாற்பத்திரண்டு என்றுதான் வருகிறது, ஒருவர் எச்சரிக்கிறார் என்றும் வருகிறது. எல்லோரும் கடந்து முடித்து ஆளில்லா லாரி கிளம்பியதும், பின்னால் நிற்கிற டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துச் சொல்வார். அவள் இறங்கி வந்து, இரண்டு கல்லும் ஒரு டப்பாவுமாக இருக்கிற அடுப்பைப் பற்றவைப்பாள். அதனால் கப்சாராவில் ஏழு மணிக்கு முன்னால் டீ கிடைக்காது.