கண்ணாடி இருந்த இடம்

இருபத்தைந்து எழுத்துகளையும் மூன்றாவது முறை அடித்து முடித்தபோதும் கம்ப்யூட்டர் அதே பதிலைத்தான் சொன்னது. இந்த லைசென்ஸ் கீ வேறொரு கம்ப்யூட்டரில் பயன்பாட்டில் இருக்கிறதாம். பல் டாக்டரம்மாவின் அறையில், நோயாளி சாயும் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் டாக்டரம்மாவின் தம்பி நின்றிருந்தார். கிளினிக்கின் முன்மேசையைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். நாற்பது வயதாகியும் நாளைக்கு நான்கு தடவை மீசையைச் சீவிக்கொள்கிறவர். திரையில் வந்ததை அவர் வாய்விட்டு வாசித்தார், வாசித்துவிட்டு "ம்" என்றார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று புரிய எனக்கு அந்த "ம்" போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஒரிஜினல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாசத்தில் வைத்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம், கிண்டலுக்கு வைத்தது. கம்ப்யூட்டர் கடை போட்ட காலத்தில் அக்கம்பக்கத்துக் கடைகளிலெல்லாம் ஒரே ஒரு திருட்டு சிடியை வைத்துக்கொண்டு ஊருக்கே மெஷினை ஓட்டும் ஓஎஸ் போட்டுக்கொடுத்தார்கள். நான் மாட்டேன் என்றேன். வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். பிழைக்கத் தெரியாதவன் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், இருபத்திரண்டு வருஷத்தில் என் கையால் ஒரு மெஷினில்கூடக் கள்ளச் சரக்கு ஏறியதில்லை. எனக்குத் திமிர் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தத் திமிருக்கு இருந்த ஒரே முதல் இதுதான்.

இந்தக் கிளினிக்குக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கொடுத்தவை இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே உயரம். ஒன்று டாக்டரம்மாவின் அறையில், ஒன்று முன்மேசையில். இரண்டுக்கும் பக்கவாட்டு மூடியில் அந்தந்த லைசென்ஸ் கீ அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். நேற்று அறைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நோயாளிகளின் விவரமெல்லாம் வாராவாரம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்ததால் அதில் ஒரு சேதமும் இல்லை. புது டிஸ்க் மாட்டி, ஓஎஸ் ஏற்றி, கழற்றிய மூடியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதிலிருந்த கீயைப் பார்த்து அடித்தேன். அவ்வளவுதான் பாக்கி இருந்தது.

என்னென்ன உண்டோ எல்லாம் பார்த்துவிட்டேன். லென்ஸ் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தேன். பழையபடி அதே பதிப்பைத்தான் ஏற்றியிருக்கிறேனா என்று பார்த்தேன். தேதி தப்பாக இருந்தாலும் ஏற்காது, அதையும் பார்த்தேன். கடைசியில் கம்பெனியின் இலவச எண்ணுக்கு போன் போட்டு, திரையிலிருந்த நீளமான எண்ணை ஆறு ஆறாக அழுத்தினேன். மறுமுனையில் பேசிய பதிவுக் குரல் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, மன்னிக்கவும் என்றது. தம்பி குனிந்து என் காதருகே வந்தார்.

"எல்லாரும் செய்றதுதான்ணே. ஒரே கீயை ரெண்டு பேருக்குக் குடுத்திருப்பீங்க. ஒத்துக்கிட்டா என்ன, தலையவா வாங்கப் போறோம்?"

எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். தம்பி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு நோயாளி வந்துவிடுவார், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். வாசல்வரை போனவர் நின்றார். "உங்க வார்த்தைய நம்பித்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்காரிக்கு போன் போட்டு, அந்த இரண்டு மெஷினையும் நாம் வாங்கிய பழைய பில் இருக்கும் ஃபைலை எடுத்துக்கொண்டு வா என்றேன். கடையில் பாதி அவள்தான். வாடிக்கையாளரிடம் கோபப்படுவது என் வேலை, திருகாணி தொலையாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஃபைலோடு வந்தவள் அதைத் திறக்கவேயில்லை. சுவரில் சாய்ந்திருந்த மூடியின் முன்னால் உட்கார்ந்து, ஒரு மூலையைக் கட்டைவிரலால் தடவினாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"இந்தப் பிசின் இங்க எப்படிங்க வந்துச்சு?" என்றாள்.

எனக்குப் பிடிபடவில்லை. அவள்தான் ஞாபகப்படுத்தினாள். முன்மேசைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் தம்பி ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி வைத்திருந்தார், மீசை சீவுவதற்காக. ஒருநாள் டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பிய்த்து எறிந்தார். கண்ணாடி போனது, சதுரமாகப் பிசின் தடம் நின்றுவிட்டது. போன வருஷம் எண்ணெய் போட்டு அரைமணி நேரம் தேய்த்தும் அது போகவில்லை என்று அன்று முழுக்கப் புலம்பியவள் இவள். முன்மேசை மூடியில் இருக்க வேண்டிய தடம் அறைக்கு எப்படி வந்தது?

எப்படி வந்தது என்று எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. தூசி தட்டக் கூப்பிட்டால் மற்ற கடைக்காரர்கள் ப்ளோயரால் ஊதிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் மூடியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுவோம். உலகத்திலேயே கம்ப்யூட்டர் மூடியைக் குளிப்பாட்டும் கடை எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும், அதிலும் எனக்குப் பெருமைதான். போன வருஷம் இரண்டு மூடிகளும் பின்புறச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்தன. மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டோம். ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு வெளியே எந்த ஸ்டிக்கர் இருந்தால் என்ன, அது பாட்டுக்கு ஓடியது. புதிதாக ஏற்றி, முன்மேசைக் கம்ப்யூட்டரின் கீயை இங்கே அடித்தபோதுதான் குட்டு உடைந்தது.

முன்மேசைக்குப் போய் அங்கிருந்த மூடியைக் கழற்றி எடுத்துவந்தேன். வீட்டுக்காரி எழுத்து எழுத்தாக வாசிக்க, நான் அடித்தேன். கடைசி எழுத்தை அடித்ததும் திரை ஒரு கணம் யோசித்தது, பிறகு ஏற்றுக்கொண்டது. இரண்டும் அசல். இரண்டும் நான் கொடுத்தவை. மார்பு விம்மியது, பொய் சொல்வானேன், கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

டாக்டரம்மா வந்தார். திரையைப் பார்த்துவிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். கம்பெனி சர்வர் ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும், இப்போது சரியாகியிருக்கும் என்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் மேலும் பழி இல்லை, என் வேலையிலும் குறை இல்லை. வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் குனிந்து திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கே நான்கு திருகாணிகள், அவற்றை அவ்வளவு நேரம் எண்ண வேண்டியதில்லை.

"சர்வரெல்லாம் இல்ல டாக்டர். கழுவிட்டு மூடிய மாத்தி மாட்டினது நாங்கதான். தப்பு எங்களோடது."

டாக்டரம்மா "மூடியக் கழுவுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். வருஷா வருஷம் கழுவுவோம் என்றாள் வீட்டுக்காரி, நிமிராமலே. டாக்டரம்மா குனிந்து அந்தப் பிசின் சதுரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தார். மீசைக்குப் போன தம்பியின் கை பாதி வழியில் நின்றது. வாசலில் அழைப்பு மணி அடித்தது, இரண்டு மணி நோயாளி வந்துவிட்டார். டாக்டரம்மா புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே நகர்ந்தார். எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ, தெரியவில்லை.

மூடிகளோடு முன்மேசைக்கு வந்தோம். வீட்டுக்காரி இரண்டையும் மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தம்பியிடம் மார்க்கர் பேனா கேட்டு வாங்கினாள். ஒன்றில் 'அறை' என்றும் இன்னொன்றில் 'மேசை' என்றும் நிதானமாக, குண்டு குண்டாக எழுதினாள். உள்பக்கத்தில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"நாம பாப்போம்ல" என்றாள். மாட்டுவதற்கு அவசரப்படாமல், மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள். நான் திருகாணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன்.