திரும்பி வரும் ரத்தம்

சௌந்தரராஜனின் இதயம் இரண்டாயிரமாவது ஆண்டு ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அல்வால் வீட்டுக் கூடத்தில், செய்தித்தாளைப் பிரிக்கும்போது நின்றுபோனது. அன்று மத்தியானம் அவர் வழக்கம்போல ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். இடையில் நடந்தது இவ்வளவுதான்: நாற்காலியிலிருந்து சரிந்தவரின் மணிக்கட்டை மருமகள் கிரிஜா ஓடிவந்து பிடித்தாள். அடங்கியிருந்த நாடி அவள் விரல்களுக்குக் கீழே மறுபடி துடித்தது. தெருக்கோடி டாக்டரம்மா வந்து அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாமனார் கையை ஒரு கையிலும் மருமகள் கையை மறு கையிலும் பிடித்தபடி நின்றார். இரண்டு நாடியும் ஒன்றாக அடித்தன. ரத்தம் இதயத்தின் இடப்பக்கத்திலிருந்து கிளம்பும், தடித்த குழாயில் போய் மயிரைவிட மெல்லிய குழாய்களுக்குள் நுழையும், உடம்புக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு வலப்பக்கம் திரும்பும், நுரையீரலுக்குப் போய்ச் சிவந்து மறுபடி இடப்பக்கமே வந்து சேரும் என்று அவர் விளக்கினார். மற்றவர்களுக்கு இது ஓர் உடம்புக்குள் நடக்கிறது, கிரிஜாவின் ரத்தம் மாமனாரின் உள்ளங்கால் வரை போய் வருகிறது, அவ்வளவுதான். ஒருவருக்கான ஃபீஸை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கிரிஜா ஆரணிப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவன் ஷ்யாம் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவளும் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. விசா நேர்காணலுக்காகச் சென்னை ரயில் ஏறினாள். காஜிப்பேட்டை நெருங்கும்போது நெஞ்சில் யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுப்பதுபோல வலித்தது. இறங்கி அடுத்த ரயிலில் திரும்பினாள். கூடத்துத் தரையில் நீலம் பாரித்துக் கிடந்த மாமனார், அவள் தெருவுக்குள் நுழைந்தபோது கண் விழித்தார், வாசற்படி ஏறியபோது எழுந்து உட்கார்ந்தார். அவரையும் அழைத்துப் போகலாமென்று பார்த்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் இசிஜி கேட்டார்கள். அதில் நேர்கோடு ஒன்றுதான் இருந்தது. அனுப்பிய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு கிரிஜா. நாம வாழ வேணாமா?" என்றான் ஷ்யாம் போனில்.

"நான் ஃப்ளைட் ஏறுனா உங்க அப்பா செத்துடுவாரு. ஏறட்டுமா? நீங்களே சொல்லுங்க."

"உன் இஷ்டம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

வருஷங்கள் போயின. ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில், பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். அமெரிக்காவில் வேலைகள் போயின, திரும்ப வந்தன. ஷ்யாமின் போன் வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு தீபாவளிக்கு மட்டும் என்றானது. மாமனார் மாலை நேரங்களில் உட்கார்ந்தே இருந்தால் கிரிஜாவுக்குத் தலை சுற்றியது. போன ரத்தம் அவருடைய கால்களிலேயே தேங்கிவிடுகிறது, கெண்டைக்கால் சதை பிழிந்து தள்ளினால்தான் மேலே ஏறும் என்றார் டாக்டரம்மா. "மாமா, கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன். எனக்குத் திரும்பி வரமாட்டேங்குது," என்பாள். பிரிட்டிஷ் பட்டாளத்தோடு பக்கத்துப் போலாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் அவருடையது; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். "ஹவ் ஹவ், சரிம்மா, இதோ," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மழையிலும் நடந்தார். மே மாத வெயிலில் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனையில் அவர் தலை திரும்பும்போது சமையலறையில் இவள் கன்னத்தில் நிறம் ஏறும்.

ஆனாலும் ஒரு வீட்டுக்கு வைத்த மோட்டார் இரண்டு வீட்டுக்கு எத்தனை நாள் இறைக்கும்? கிரிஜாவின் இதயம் வீங்கிப் பெருத்தது. முப்பத்தைந்து வயதில் பாதி மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். 2010இல் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். நடை நின்றது. கட்டிலில் அவருடைய கால்கள் வெல்ல மூட்டைபோலக் கனத்தன. கிரிஜா வெளுத்துக்கொண்டே போனாள். ஒருநாள் சோறு வடிக்கையில் மயங்கி விழுந்தாள். சத்தம் கேட்டும் அவரால் எழுந்து வர முடியவில்லை. படுத்தபடியே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, "மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வாம்மா. கத்திரிக்காய் சாப்பிட்டு நாளாச்சு," என்றார்.

"சீக்கிரம் வந்துடுறேன், மாமா."

"நக்கோம்மா, அவசரம் வேணாம். மெதுவா வா."

காய்கறிக்காரியிடம் கூடையை நீட்டும்போது கிரிஜாவின் உடம்பெல்லாம் சூடு பரவியது. விரல் நுனிகள் சிவந்தன, காது மடல்கள் எரிந்தன. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பத்து வருஷத்தில் அவள் ஓடியதே இல்லை. மூச்சு வாங்கவில்லை, கால் பின்னவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஓட முடிந்தது. அப்படி ஓட முடிந்ததாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினாள். வீட்டில், உடைந்த இடுப்போடு மாமனார் அந்தக் கால்களை எப்படித் தூக்கினாரோ, இரண்டும் சுவரில் சாய்ந்து மேலே பார்த்து நின்றன. தலை கட்டிலின் விளிம்பிலிருந்து கீழே தொங்கியது. உடம்பு துவைத்த வேட்டியைப்போல வெளுத்திருந்தது. ஒரு சொட்டுக்கூடத் தனக்கென்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

ஷ்யாம் வந்து கொள்ளி வைத்தான். காரியம் முடிந்த அன்று, "இனிமே உனக்குத் தடை ஒண்ணும் இல்லையே? டிக்கெட் போடட்டுமா?" என்று கேட்டான். கிரிஜா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மாமனாரின் மூக்கு, மாமனாரின் நெற்றி. "வேணாங்க," என்றாள். அவன் ஒற்றை டிக்கெட்டில் திரும்பிப் போனான்.

அவள் மாதாப்பூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். 2013இல் அங்கே ரத்ததான முகாம் போட்டார்கள். நர்ஸ் பகவதி அவள் இடது கை விரலில் குத்திப் பார்த்தபோது பி பாசிட்டிவ் என்று வந்தது. சந்தேகப்பட்டு வலது கையில் குத்தினாள், ஓ பாசிட்டிவ்.

"என்ன மேடம், கைக்கொரு குரூப்பா வருது?"

"இடது கையில ஓடறது எங்க மாமாவோடதும்மா."

"அப்ப எதுல எடுக்கட்டும்?"

"என்னோடதுல எடுத்துக்க."

பகவதி தலையாட்டிவிட்டு, நாற்காலியைச் சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்து, பஞ்சை நனைத்தாள்.