சானல் கரையில் ஒடுங்கிய கார்

2022 ஆகஸ்ட் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, திருவட்டாறுக்குப் பக்கத்தில் மாங்கோணம் பாசனச் சானல் கரையில், ஐம்பத்தாறு அங்குல அகலமுள்ள வெள்ளைக் கார் ஒன்று எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட முப்பத்தொரு அங்குலமாக ஒடுங்கியது. பஸ் போனதும் பழைய அகலத்துக்கு விரிந்தது. பஸ்ஸின் ஜன்னலோரம் இருந்த நாலைந்து பேர் பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வாரம் ரப்பர் ஷீட் விலை இறங்கிக் கிடந்ததால் ஊரில் வேறு பேச்சுக்கு இடமில்லை. அளவு சரியா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். காரை ஓட்டிய ஆதிரா தையல்காரி. நைட்டியும் பாவாடையும் தைத்துக் கொடுக்கிறவள். அன்று மத்தியானமே இஞ்சு டேப்பை எடுத்துப்போய், பஸ்ஸின் டயர் தடத்துக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடத்தை இரண்டு தடவை அளந்து வந்தாள்.

அந்த மதிலைக் கட்டியவர் அவள் புருஷன் கிருஷ்ணமணி. அந்த ஒரு மதில் என்றில்லை, சானல் கரையோரம் இருக்கிற மதில்களில் முக்கால்வாசி அவர் கட்டியவைதான். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் ரோட்டுப் பக்கம் அரையடி தள்ளிக் கட்டச் சொன்னார்கள். கொத்தனாருக்கு என்ன வந்தது, சொன்னபடி கட்டிக் கொடுத்தார். முப்பது வருடத்தில் ரோடு ஒல்லியாகிவிட்டது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சானல் தண்ணீர். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். ஊர் வழக்கப்படி, கேட் திறந்து கிடக்கிற வீடு எந்த வண்டிக்குப் பக்கமோ அந்த வண்டி பின்னால் போகும். இதில் சண்டை வந்ததில்லை. ஆனால் பின்னால் போகத் தெரிந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணமணிக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இரண்டு வருடம் ஸ்ரீஜித்தின் ஆட்டோ கொண்டுபோயிற்று. ஸ்ரீஜித்துக்கு மஸ்கட் விசா வந்ததும் அவன் ஆட்டோவை விற்றுவிட்டுப் போய்விட்டான். மூன்று பஸ் மாறிப் போய், திரும்பும்போது கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு நாளில், கிருஷ்ணமணி வீட்டுப் படியில் உட்கார்ந்து தனக்குப் போதும் என்றார். அழுதோ கோபப்பட்டோ சொல்லவில்லை. வேலை முடிந்து மட்டப்பலகையைக் கழுவி வைக்கிற குரலில் சொன்னார். ஆதிரா அடுத்த வாரம் மார்த்தாண்டத்தில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினால் பத்து நாள் தாங்காது என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஓட்டப் படிக்கிற வரைக்கும் பஸ்ஸிலேயே அவரைக் கூட்டிப் போய் வந்தாள்.

லைசென்ஸ் கிடைத்தது. தைரியம் அதோடு சேர்ந்து வரவில்லை. கடியபட்டணத்தில் கபிரியேல் என்ற மீன் வியாபாரி பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் புருஷனும் மனைவியும் போய்ப் பார்த்தார்கள். 1999 மாடல். இருபது வருடம் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து அடித்தகடு அப்பளமாகப் பொரிந்திருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் ரோடு தெரிந்தது. விலையோ நல்ல தையல் மிஷினும் ஒரு கட்டிலும் வாங்குகிற அளவுக்குத்தான். கபிரியேலின் வீடு இருந்த சந்தில் இரண்டு ஆட்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாய்ந்து நிற்க வேண்டும். அந்தச் சந்தின் கடைசியில், வீட்டு முன்னால் கார் நின்றது. அதை எப்படி உள்ளே கொண்டுவந்தார் என்று இருவரும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இது இந்தப் பக்கத்து ஆட்களின் குணம். வண்டி வாங்கப் போனால் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

கபிரியேல் மட்டும் சாவியைக் கொடுக்கும்போது ஆதிராவின் பயந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மக்கா, நீ பேடிக்காண்டாம். எதுக்க வண்டி வந்தா இது தானா ஒதுங்கிக்கிடும்."

விற்கிறவன் வாய் என்று கிருஷ்ணமணி சிரித்துக்கொண்டார்.

ஆற்றூரில் பட்டறை வைத்திருக்கும் ஜெரிஷ் இருபத்திரண்டு நாள் அந்தக் காரோடு கிடந்தான். பொரிந்த அடித்தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தான். கிளட்ச் பிளேட் மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது இரண்டு நெத்திலி விழுந்தன. மீன் வாடை போக மூன்று முறை கழுவி, கடைசியில் காப்பிப்பொடியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டான். வண்டி வீட்டுக்கு வந்த நாலாவது நாள்தான் மேலே சொன்ன வெள்ளிக்கிழமை. எதிரே பஸ்ஸைக் கண்டதும் ஆதிராவின் கால் பிரேக்கில் உறைந்துவிட்டது. ரிவர்ஸ் கியரை மறந்துபோனாள். கார் ஒரு பெருமூச்சு இழுத்தது. கண்ணாடியோ தகடோ ஒன்றும் நெரியவில்லை. நடுவில் இருந்த இடம் மட்டும் இல்லாமல் போனது. இரண்டு சீட்டும் ஒரு சீட்டாகி, கிருஷ்ணமணியின் தோள் மனைவியின் தோளில் வந்து ஒட்டியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நோய் வந்ததிலிருந்து கிருஷ்ணமணி வெளி அறையில் தனிக் கட்டிலில்தான் படுத்தார். மாத்திரையை வாங்குகிறபோது விரல் படுவதோடு சரி. அவர் இடக்கைக் கொத்தனார் என்பதால், மிஷின் ஊசி போட வசதியாக வலது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது விர்ரென்று அதிரும். இரண்டு வருடமாக ஆதிரா அதை எட்டி நின்று பார்த்திருக்கிறாளே தவிரத் தொட்டதில்லை. அன்று பஸ் கடந்துபோன ஒன்றரை நிமிடமும் அது அவள் கையோடு ஒட்டி அதிர்ந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரத்தில் கார் ஏழு தடவை ஒடுங்கியது. எஞ்சின் எங்கே போகிறது என்று ஜெரிஷ் படுத்துக் கிடந்து பார்த்தான், கண்டுபிடிக்க முடியவில்லை. கிருஷ்ணமணிக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வீடு ஒடுங்கினால் அதை இடித்துப்போட வேண்டியதுதான் என்பது அவர் தொழில் நியாயம். மனைவி பக்கத்தில் ஒட்டுகிற கூச்சம்தான் காரணமா என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் பிடிவாதத்துக்கு ஜெரிஷ் காரின் அடியில் குறுக்கே இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்தான். அதோடு கார் எல்லாக் கார்களையும் போல ஆனது.

புதன்கிழமை பஸ் வந்தது. ஆதிரா நின்றாள். கார் மூச்சிழுத்துப் பார்த்து, அடியில் கிறீச்சென்று கத்தி, அணைந்துவிட்டது. பின்னால் பால்வண்டி, அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வேன். யார் யாரோ இறங்கித் தள்ளி, ஒரு வீட்டு முற்றத்தில் ஏற்றி, மறுபடி கிளப்பும்போது எட்டரை. மிஷின் நேரம் தவறிவிட்டது. வெள்ளிக்கிழமைதான் இனி இடம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வியாழக்கிழமை அவருக்குக் கால் இரண்டும் வீங்கின. வெள்ளி விடியுமுன்பே நாலு வார்த்தை பேச நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

"போதும் டீ. இனி என்னைக் கொண்டு அலையாண்டாம்," என்றார்.

ஆதிரா காரை எடுத்துக்கொண்டு இருட்டோடே தனியாக ஜெரிஷ் பட்டறைக்குப் போய் அவனை எழுப்பினாள். எதிரே யாரும் வராதது அவள் அதிர்ஷ்டம். இரும்பை வெட்டச் சொன்னாள். கொத்தனார் ஏசுவாரே என்று அவன் தயங்கினான்.

"கைக்குழிய இறுக்கித் தச்சா கைய மேல பொக்க முடியுமா மக்கா? லூசு வேணும். நீ வெட்டு," என்றாள்.

திரும்பி வந்தபோது அவர் கட்டிலை விட்டு எழவில்லை. ஆதிரா அழ மாட்டாள் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்று அழுதாள். "எனக்கு பேடியாட்டு இருக்கு. இவ்வளவு நாளும் பேடிச்சிட்டுத்தான் ஓட்டினேன். நீங்க பக்கத்தில இருந்தா ஓட்டுவேன். இல்லேங்கி எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஒண்ணும் தெரியாது." கிருஷ்ணமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சட்டையைக் கேட்டார்.

அன்று எதிரே வந்தது பஸ் அல்ல, வாழைக்குலை ஏற்றிய லாரி. குலைகள் இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. திறந்த கேட் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. கார் இழுத்த மூச்சைச் சானலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அது பத்தொன்பது அங்குலமாயிற்று. உள்ளே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கான இடம். கன்னத்தில் கன்னம் அழுந்த, ஸ்டியரிங்கை நாலு கைகள் பிடித்திருக்க, கிருஷ்ணமணி சொன்னார். "பைய விடு. பைய. சாரமில்ல, ஒண்ணும் ஆவாது, போவும்." போயிற்று. லாரியின் வால் கடந்ததும் கார் மூச்சை விட்டது, ஆதிரா விட்டாள், மூச்சுக்கு அல்லாடிய அவரும் எப்படியோ ஒரு முழு மூச்சு விட்டார். எட்டு மணிக்கு மிஷினில் கிடந்தார். நாலு கிலோ தண்ணீர் எடுத்தார்கள். பன்னிரண்டரைக்குக் கால் வீக்கம் வடிந்து, செருப்பு காலில் ஏறியது. இதை எழுதுகிறபோதுகூட நெஞ்சு லேசாகிறது.

பிறகு சொல்வதற்கு அதிகமில்லை. காரின் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது அளந்த அதிகாரிக்கு இரண்டு அளவு கிடைத்தது, பெரியதை எழுதிக்கொண்டார். ஊரில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற புருஷன் மனைவிமார் ஜங்ஷன் வரைக்கும் லிஃப்ட் கேட்டு வருகிறார்கள், பின்சீட்டும் ஒடுங்கும் என்று தெரிந்து. ஆதிரா ரிவர்ஸ் எடுக்க நன்றாகவே படித்துவிட்டாள், ஆனால் தேவைப்படவில்லை. மூன்று வருடமாக ஒரு நாளும் மிஷின் நேரம் தவறவில்லை. இப்போது ஆறரைக்கெல்லாம் கிருஷ்ணமணி முதலில் ஏறி உட்கார்ந்து, வீட்டுக்குள் நிற்கிறவளை ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறார்.

போன சித்திரையில் நாலுவழிச் சாலையில் ஒரு துண்டைத் திறந்தார்கள். அவ்வளவு அகலமான ரோட்டில் அவர்கள் இதற்குமுன் போனதில்லை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை, வெயில் மட்டும் கிடந்தது. கார் மெல்ல மூச்சிழுத்து ஒடுங்கியது.

கிருஷ்ணமணி எட்டிப் பார்த்தார். "எதுக்க ஒண்ணும் வரல்லியே."

"வரல்ல," என்றாள் ஆதிரா.

அவர் வலது கையை எடுக்கவில்லை. ரோடு முடிகிற இடம் வரை கார் விரியவில்லை. அதற்குப் பிறகு வாரம் மூன்று நாளும் அங்கே அப்படித்தான் போகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் சிலர், இத்தனை இடம் சும்மா கிடக்கும்போது எதற்கு இப்படி ஒடுங்கிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் தாராளமாக இருக்கிற வழியில் முந்திப் போய்விடுவார்கள்.