கழுவிய கெண்டி

கடலினின்று எழுந்த ஈரக்காற்று கிடங்குகளின் தகரக் கூரைகளைத் தடவி, சரிவான கல்தெருவில் மூச்சிரைக்க ஏறி, இன்னும் திறவாத கதவுகளைத் தட்டிப் பார்த்துத் திரும்பும் காலை வேளையில், துறைமுகத்தை நோக்கி நின்ற தேயிலை வணிக இல்லத்தின் மூன்றாம் மாடியில் மட்டும் பலகணிகள் அகலத் திறந்திருந்தன. வெண்கல் பதித்த நீண்ட மேசையும், சிறு தராசும், நீர் கொதிக்கும் கலமும், சுவைத்ததை உமிழ்வதற்கென நிறுத்திய உயரமான செம்புக் குடமும் அன்றி வேறு பொருள் இல்லாத அறை அது. மணமுள்ள மலருக்கும் அங்கே இடமில்லை. மணம் பூசிய மனிதருக்கும் இடமில்லை. தலையில் எண்ணெய் மணக்க வந்தவர் எத்தனை பெரியவராயினும் வாயிலோடு திரும்ப வேண்டியதுதான்.

அவ்வறையில் அன்று இரண்டு பெண்கள் வாய் பேசாது நின்றனர் என்றால், அங்கே அமைதி நிலவியதென்று கொள்ளற்க, படிப்போரே. ஒருத்தி, ஆறு திங்களுக்கு முன் மறைந்த தலைமைச் சுவைத்தேர்வரின் மனைவி. மற்றவள் அவருடைய தங்கை. இருவரும் அவரிடமே தொழில் பயின்றவர்கள். ஒரே வீட்டின் மேல்மாடியிலும் கீழ்மாடியிலுமாக வாழ்ந்து, ஒருத்தியின் செருப்போசை மற்றவளுக்கு ஆகாமல் போனவர்கள். அவர் இருந்தவரையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பகை, அவருடைய இருக்கை வெறுமையானதும் வாய் திறந்தது. அவ்விருக்கை யாருக்கு என்பதை இல்லத்தின் முதலாளி அன்று முடிவு செய்வதாக இருந்தார்.

தன் நாவுக்கு நிகர் அவ்வில்லத்தில் இல்லை என்று தங்கை எண்ணியது வெறுஞ்செருக்கு அன்று. கண்ணை மூடி ஒரு மிடறு உறிஞ்சி, இலை பறித்தது மழைக்கு முன்பா பின்பா என்று சொல்லக்கூடியவள் அவள். ஆயினும் ஊலாங் என்னும் சீனத் தேயிலையைக் காய்ச்சும்போது மட்டும் எப்போதும் அண்ணியின் கோப்பையே வென்றது. சீனத்து மலைகளில் பறித்து, பாதி கனியவிட்டு, சுருட்டி, கரிநெருப்பில் வாட்டி எடுக்கும் அந்த இலைக்கென்று அண்ணன் ஒரு செம்மண் கெண்டி வைத்திருந்தார். மெருகிடாத மண்ணால் ஆகி, ஒரு கைக்குள் அடங்குவது அது. பதினெட்டு ஆண்டுகளில் வேறோர் இலை அதனுள் விழுந்ததில்லை. வெந்நீரைத் தவிர வேறொன்றால் அதைக் கழுவியதும் இல்லை. அண்ணன் நாள்தோறும் ஊற்றிய சாற்றை மண் குடித்துக் குடித்து, இலையே இல்லாமல் வெந்நீர் ஊற்றினாலும் மணக்கும் அளவுக்கு அது முதிர்ந்திருந்தது. அவர் போனபின் உடன்பிறந்தவளை ஒரு சொல் கேளாமல் அண்ணி அதை எடுத்துக்கொண்டாள். வெல்வது அவள் கையன்று, அந்தக் கெண்டிதான் என்று தங்கை முடிவு கட்டினாள்.

ஆகவே முந்தைய நாள் பிற்பகலில், அண்ணி கிடங்குக்கு இறங்கிய நேரம் பார்த்து, தங்கை கெண்டியைக் கீழ்த்தளத்துக் கைகழுவும் இடத்துக்குக் கொண்டுபோனாள். சோப்பு என்று நாம் வழங்கும் வழலைக்கட்டியை, அதிலும் எலுமிச்சை மணம் ஏற்றியதை, உள்ளும் புறமும் சாறு வடியும் மூக்கினுள்ளும் தேய்த்தாள். பழுப்பு நிறத்தில் நீர் வழிந்தோடியபோது, அது அண்ணனின் பதினெட்டு ஆண்டு என்று நெஞ்சு திடுக்கிட்டது உண்மை. ஆனால் கை நிற்கவில்லை. உலர்ந்த மண் எதையும் வெளியே சொல்லாது. கொதிநீர் பட்டால்தான் உண்மையைக் கக்கும் என்பதை அறிந்தவள், நன்றாகக் காயவைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அன்று மாலை வீட்டில் அவள் குடிநீர்க் குவளையை நீட்டியபோது, வாங்க வந்த அண்ணியின் கை, மூக்கு எதையோ கண்டுகொண்டதுபோல், அரை நொடி தயங்கிற்று. பிறகு நீரைக் குடித்துவிட்டு அவள் மாடியேறிப் போனாள்.

முதலாளி வந்து அமர்ந்தார். ஒரே ஊலாங்கை இருவரும் காய்ச்ச வேண்டும்; காய்ச்சியவரே முதலில் அருந்தி, குறையிருந்தால் தன் வாயால் சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டால் மறுகலத்தில் மீண்டும் காய்ச்சலாம் என்பது அவ்வில்லத்தின் நெடுநாள் வழக்கம். அண்ணி கெண்டியை எடுப்பாள் என்று தங்கை காத்திருக்க, அவளோ மூடியிட்ட வெறும் வெண்பீங்கான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கெண்டியை மேசையின் மறுபுறம் நகர்த்தினாள்.

"கெண்டி அவளுக்கே இருக்கட்டும் ஐயா. கூடப் பிறந்த அண்ணனோடது. இத்தனை நாள் நான் வச்சிருந்ததே தப்பு."

முதலாளியின் முகம் மலர்ந்தது. இப்படியொரு பெருந்தன்மையை அவர் எதிர்பார்க்கவில்லை.

"வேண்டாம் அண்ணி. அது உங்க கைக்குப் பழகினது."

"உன் கைக்கும்தான் பழகியிருக்கே."

வேறு வழியின்றித் தங்கை கெண்டியைத் தன்னருகே இழுத்துக்கொண்டாள். அண்ணி முதல் நீரை ஊற்றிய விரைவிலேயே வடித்துக் கொட்டி, இரண்டாம் நீரை உயரத்திலிருந்து சுழற்றி விட்டு, மூடியை ஒரு மயிரிழை விலக்கி, எதையும் எண்ணாதவள் போல் நின்று, சட்டென வடித்தாள். வாட்டிய கனியின் மணமும் அதன் பின்னே ஒரு பூவின் மணமும் அறையை நிறைத்தன. கெண்டி இல்லாமலே நிறைத்தன. வென்றது எப்போதும் அந்தக் கைதான் என்பதைத் தங்கையின் தேர்ந்த மூக்கு அவளுக்கு அப்போது ஈவிரக்கமின்றிச் சொல்லிற்று. அண்ணி அருந்தி, குறையில்லை என்றாள். முதலாளி அருந்தித் தலையசைத்தார்.

தங்கை கெண்டியை இரண்டு முறை வெந்நீரால் அலம்பினாள். மூன்றாம் முறையும் அலம்பினாள். இலையிட்டு, நீர் வார்த்து, வடித்து, வாயருகே கொண்டுபோனாள். எலுமிச்சை. அதன் அடியில் வழலையின் காரக் கசப்பு. விழுங்கிய மிடறு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. குறை என்று சொன்னால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் முகம் காட்டிக்கொடுக்கும். குறையில்லை என்றால் தன் நாவைத் தானே அறுத்துக்கொள்வதாகும். அண்ணி பலகணி வழியே கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கு ஐயா. குறை ஒண்ணும் இல்லை."

அவர் உறிஞ்சினார், உடனே எழுந்து போய்ச் செம்புக் குடத்தில் உமிழ்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அவளையே பார்த்தார். சினம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள், இருந்தது இரக்கம்.

"இதுல உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியலையா?"

"தெரியலை ஐயா."

இருக்கை அண்ணிக்குப் போயிற்று; தங்கையைக் கணக்கெழுதும் அறைக்கு மாற்றினார்கள். வெளியேறுகையில் அண்ணி அவள் காதருகே நின்று, "சோப்பு கையை விட்டுப் போயிடும். மண்ணை விட்டுப் போகாது," என்றாள். முந்தைய மாலையே அறிந்திருந்தும் வாய் திறவாமல் கெண்டியை நீட்டிய அவள் நெஞ்சும் கழுவப்படாத நெஞ்சுதான். ஆனால் அதைச் சொல்லும் தகுதியைத் தங்கை அன்றே இழந்திருந்தாள்.

கெண்டியைத் திருப்பிக் கேட்பார் இல்லை. கீழ்மாடியில் அது தங்கையிடமே இருக்கிறது. நாள்தோறும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, இலையிடாமல், கொதிநீரை மட்டும் அதில் வார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். அண்ணன் வருவதில்லை, எலுமிச்சைதான் வருகிறது. அது நேற்றைவிட இன்று எள்ளளவும் குறையவில்லை என்பதை அவ்வளவு துல்லியமாக அறியவல்ல மூக்கு அந்த ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் உண்டு.